வழுவழுப்புக்கும் ஒரு பெயர் உண்டு
‘பயோபிலிம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? எமது தண்ணீர்ப் பீப்பாவுக்கும் தோட்டத்து மண்ணுக்கும் அது சொல்வது என்ன?

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு புகையிரத நிலையம் கிடையாது. பனிமூட்டம் விலகாத காலை நேரத்தில் பீலித் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். இவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கின்றோம்.

மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, பட்டிப்பொலயில் உறவினர் வீட்டோரமாகத் தகரக் கொட்டில் போட்டுத் தங்கியிருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பா. அந்த வீட்டுத் தாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, மிட்வைப் மிஸ் சொன்ன மாதிரி தண்ணிக்குக் குளோரீன் குளிசை போட்டுத்தான் வைக்கிறோம். அப்படியிருந்தும் சின்னவனுக்கு அடிக்கடி வயித்தால போகுது. அந்தக் குளிசை சரியில்லையா?”

பீப்பாவின் உட்சுவரில் விரலால் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. “இது என்னம்மா?” என்று கேட்டேன்.

“அது பாசிதானே ஐயா. தண்ணி நிக்கிற இடத்துல வர்றதுதான். மேல இருக்கிற தண்ணிய மட்டும் மொண்டுக்குவோம்” என்றார்.

பிள்ளையின் வயிற்றோட்டத்துக்கு அந்த வழுவழுப்புத்தான் காரணம் என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. கழுவாத கையும் காரணமாகலாம், மூடாத சாப்பாடும் காரணமாகலாம். ஆனால் குளோரீன் போட்ட பிறகும் ஒரு பீப்பாவுக்குள் கிருமிகள் எப்படிப் பிழைத்திருக்கின்றன என்ற கேள்விக்கு விடை அந்த வழுவழுப்பில் இருக்கின்றது. விஞ்ஞானிகள் அதற்குப் ‘பயோபிலிம்’ என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். அது உலகறிந்த சொல்லாகி இன்னும் ஐம்பது வருடங்கள்கூட ஆகவில்லை. அந்தச் சொல்லின் கதையைத் தெரிந்துகொண்டால் பீப்பாவை எப்படிக் கழுவ வேண்டும் என்பதும் விளங்கும். புதிதாகக் கிடைத்த மண்ணை எப்படிப் பேண வேண்டும் என்பதும் விளங்கும்.

சொல்லின் பொருள்

இது இரண்டு சொற்கள் சேர்ந்த ஒரு சொல். ‘பயோ’ என்பது ‘உயிர்’ எனப் பொருள்படும் ‘பயோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘பிலிம்’ என்பது பழைய ஆங்கிலத்தில் மெல்லிய தோல் அல்லது சவ்வைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்தது. பிற்காலத்தில் எந்த மெல்லிய பூச்சுக்கும் அது பெயராயிற்று. புகைப்படச் சுருளிலும் ஒரு மெல்லிய பூச்சு இருப்பதால் அதுவும் ‘பிலிம்’ ஆனது. அதிலிருந்து திரைப்படமும் ‘பிலிம்’ ஆனது. ஆகவே பயோபிலிம் என்றால் உயிருள்ள படலம். தமிழில் அதை ‘உயிர்ப்படலம்’ என்று சொல்லலாம். கண்ணில் படலம் விழுந்திருக்கின்றது என்று நாம் சொல்வதில்லையா? அதே படலந்தான்.

நமது பேச்சில் இதற்குப் ‘பாசி’ என்றும் ‘வழும்பு’ என்றும் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பச்சைப் பாசி வளர வெளிச்சம் வேண்டும். மூடிய பீப்பாவுக்குள்ளும் தண்ணீர்க் குழாய்க்குள்ளும் வெளிச்சம் இல்லை. அங்கேயும் வழுவழுப்பு வருகின்றது. அது பெரும்பாலும் பற்றீரியா போன்ற நுண்ணங்கிகள் கூடி வாழும் படலமாகும்.

பல்லழுக்கில் தொடங்கிய கதை

ஒல்லாந்து நாட்டின் டெல்வ்ற் நகரில் அன்ரனி வான் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி இருந்தார். அவர் தாமே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து நுணுக்குக்காட்டிகள் செய்தவர். 1683ஆம் ஆண்டு தமது பற்களுக்கிடையில் படிந்திருந்த வெண்ணிற அழுக்கைச் சுரண்டி எடுத்து அதன்கீழ் வைத்துப் பார்த்தார். எண்ணற்ற சிறு உயிர்கள் அசைவதைக் கண்டு இலண்டனிலுள்ள றோயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். பின்னர் இன்னொன்றையும் அவதானித்தார். வினாகிரி பட்டால் அந்தச் சிறு உயிர்கள் இறந்துவிடும். ஆனால் வாயை வினாகிரியால் கொப்பளித்தாலோ பல்லழுக்கின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டும் இறந்தன. உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன.

பட்டிப்பொலயில் அந்தத் தாய் கேட்ட கேள்வியும் இதுதான். மருந்து சரியாகத்தான் இருந்தது. அது உள்ளே போய்ச் சேரவில்லை.

இந்த அவதானிப்பு நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1880களில் ஜேர்மனிய மருத்துவர் ரொபர்ட் கொக் ஒரு நோய்க்கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்க்கும் முறையை நிலைநாட்டினார். காசநோய்க் கிருமியும் வாந்திபேதிக் கிருமியும் இந்த வழியில்தான் அடையாளம் காணப்பட்டன. மனித குலத்துக்குக் கிடைத்த பெரும் பயன் அது. ஆனால் ஆய்வுகூடக் குடுவையில் தனித்து மிதக்கும் கிருமியையே பார்த்துப் பழகியதால், வெளியுலகிலும் கிருமிகள் அவ்வாறே தனித்து மிதக்கின்றன என்ற எண்ணம் பரவிவிட்டது. 1943இல் அமெரிக்க விஞ்ஞானி குளோட் சோபெல், போத்தலில் அடைத்த கடல்நீரில் பற்றீரியாக்கள் தண்ணீரைவிடக் கண்ணாடிச் சுவரையே அதிகம் நாடுவதை எடுத்துக்காட்டினார். அதையும் பெரும்பாலோர் பெரிதுபடுத்தவில்லை.

மலை ஓடையில் கிடைத்த விடை

இந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முதன்மையானவர் பில் கொஸ்டர்டன். கனடாவின் மலைப்பாங்கான பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1934இல் பிறந்தவர். 1960களின் முற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து, பஞ்சாபின் பட்டாலா நகரிலுள்ள பேரிங் யூனியன் கிறிஸ்தவக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். பின்னர் கனடாவுக்குத் திரும்பிக் கல்கரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

1970களில் அவரும் அவரது குழுவினரும் மலை ஓடைகளை ஆராய்ந்தார்கள். நமது ஓடைகளைப் போலவே குளிர்ந்த, தெளிந்த தண்ணீர். அத்தண்ணீரில் மிதந்த பற்றீரியாக்கள் சொற்பமாகவே இருந்தன. ஆனால் ஓடைக் கற்களின்மேல் இருந்த வழுவழுப்பைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்தபோது பற்றீரியாக்கள் கூட்டங்கூட்டமாக ஒரு பசைக்குள் புதைந்து வாழ்வது தெரிந்தது. ஓடைக்கல்லில் காலை வைத்து வழுக்கி விழாதவர் மலையகத்தில் யார் இருக்கின்றார்கள்? நம்மை வழுக்கி விழுத்திய அந்தப் பூச்சுக்குள்தான் ஓடையின் பற்றீரியாக்களில் பெரும்பகுதி குடியிருக்கின்றது.

1978இல் கொஸ்டர்டனும் இரு சக ஆய்வாளர்களும் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில், பற்றீரியாக்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘பயோபிலிம்’ என்ற சொல் அதற்குச் சற்று முன்னரே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆய்வுகளில் இடம்பெற்றிருந்தது. ஆயினும் பற்றீரியாக்களின் இயல்பான வாழ்க்கைமுறைக்கே அது பெயராக நிலைத்தது கொஸ்டர்டன் குழுவினரின் உழைப்பால்தான். 1993 முதல் அவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயோபிலிம் ஆய்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். 2012இல் காலமானார்.

அவை எவ்வாறு குடியேறுகின்றன?

தண்ணீரில் மிதந்து வரும் பற்றீரியா ஒன்று ஒரு சுவரைத் தொடுகின்றது. முதலில் இலேசாக ஒட்டுகின்றது. அந்த நேரத்தில் தேய்த்தால் எளிதில் போய்விடும். விட்டுவைத்தால் அது பெருகி, தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றது. மாச்சத்தைப் போன்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் கலந்த பசை அது. ஈரம் நீங்கிய நிறையில் பார்த்தால், பெரும்பாலான படலங்களில் பற்றீரியாக்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் அவை கட்டிய இந்தப் பசைதான். அதனுள்ளே தண்ணீரும் உணவும் போய்வரச் சிறு வாய்க்கால்களும் உண்டு. பலவகை நுண்ணங்கிகள் ஒன்றாக வாழும். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும். படலம் முற்றியதும் சில கிருமிகள் கழன்று, தண்ணீரோடு போய் வேறோர் இடத்தில் குடியேறும்.

இன்னொரு வியப்பும் உண்டு. பற்றீரியாக்கள் இரசாயனப் பொருட்களை வெளிவிட்டுத் தமது கூட்டம் எவ்வளவு என்பதை உணர்ந்துகொள்கின்றன. போதிய எண்ணிக்கை சேர்ந்ததும் எல்லாம் ஒருமித்துச் செயற்படுகின்றன. நமது சங்கக் கூட்டங்களில் குறிப்பிட்ட தொகையினர் வராவிட்டால் தீர்மானம் எடுக்க முடியாது. அதற்கு ஆங்கிலத்தில் ‘கோரம்’ என்று பெயர். 1994இல் விஞ்ஞானிகள் பற்றீரியாக்களின் இந்தப் பழக்கத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்: ‘கோரம் உணர்தல்’.

படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, தனித்து மிதக்கும் கிருமிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு மருந்து தேவைப்படலாம். சில சமயம் ஆயிரம் மடங்கு என்றுகூட ஆய்வுகள் கூறுகின்றன. குளோரீன் முதலில் மேலே இருக்கும் பசையோடும் அழுக்கோடும் வினைபுரிந்து செலவாகிவிடுகின்றது. அடியில் இருப்பவை தப்பிக்கொள்கின்றன. நாளை புதுத் தண்ணீர் ஊற்றும்போது அவை மீண்டும் அதில் கலக்கின்றன.

ஆகவே முதலில் தேய்த்துப் படலத்தை அகற்ற வேண்டும். அதன் பிறகே மருந்து போட வேண்டும். வரிசை மாறினால் மருந்து வீண்.

பால் கேனும் கிழங்குச் செடியும்

அம்பேவெல, பட்டிப்பொல பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்குப் பால் கேனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பார்வைக்குச் சுத்தமான கேனிலும் பால் திரிந்துபோவதுண்டு. மூடியின் விளிம்பிலும் கேனின் அடி மூலையிலும் ஒட்டியிருக்கும் படலம் அதற்கு ஒரு காரணமாகும். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அது படலத்துக்கு நல்ல அத்திவாரமாகிவிடும். எனவே முதலில் சாதாரணத் தண்ணீரால் அலச வேண்டும். பிறகு சுடுநீரும் சவர்க்காரத் தூளும் கொண்டு புருசால் தேய்க்க வேண்டும். கடைசியில் கொதிநீர் ஊற்றி, கேனைக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். காய்ந்த இடத்தில் படலம் வளராது.

உருளைக்கிழங்குச் செடியைத் தாக்கும் பற்றீரியா வாடல் நோயிலும் இதே பசைதான் வேலை செய்கின்றது. கிருமி செடியின் நீர்க்குழாய்களுக்குள் பெருகி, பசையால் அவற்றை அடைத்துவிடுகின்றது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுகின்றது. சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுனை நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிற நூல் கீழ்நோக்கி இறங்கினால் அது பற்றீரியா வாடல்தான். அந்தப் பாத்தியிலிருந்து விதைக்கிழங்கு எடுக்க வேண்டாம். அங்கே தக்காளி, மிளகாய், கத்தரி முதலியவற்றையும் அடுத்து நட வேண்டாம். அவற்றையும் இதே நோய் தாக்கும். கோவா, சோளம் போன்றவற்றை மாற்றி நடுங்கள். இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. புதிய இடத்தில் கடன்பட்டுப் பயிரிடும் குடும்பத்துக்கு இந்த ஒரு குவளைத் தண்ணீர்ச் சோதனை ஒரு போகத்தையே காப்பாற்றக்கூடும்.

நல்ல படலமும் உண்டு

இதுவரை படித்தவர்கள் வழுவழுப்பெல்லாம் பகை என்று எண்ணிவிடக்கூடாது.

1892இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் கொலரா எனப்படும் வாந்திபேதி பரவி, சுமார் 8,600 பேர் இறந்தார்கள். அந்நகரம் எல்பே ஆற்று நீரைச் சுத்திகரிக்காமல் விநியோகித்தது. அதை அடுத்திருந்த அல்டோனா நகரமோ, ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பிறகு அதே ஆற்று நீரை எடுத்தது. ஆனால் மணலில் மெதுவாக வடித்துக் கொடுத்தது. அங்கே நோய் மிகக் குறைவாகவே இருந்தது. எல்லைத் தெருவின் ஒரு பக்கம் மரணம், மறுபக்கம் சுகம். மணல் வடிகட்டியின் மேற்பரப்பில் படியும் வழுவழுப்பான படலந்தான் கிருமிகளைப் பிடித்து உண்கின்றது. ஜேர்மனியர் அதற்கு வைத்த பெயரின் பொருள் ‘அழுக்குப் போர்வை’. பார்வைக்கு அழுக்கு, செய்வதோ காவல்.

மண்ணிலும் அப்படித்தான். பயிரின் வேரைச் சுற்றிப் பற்றீரியாக்களும் பங்கசுக்களும் படலமாகக் குடியிருந்து, சத்துக்களைக் கரைத்துக் கொடுக்கின்றன. மண்துகள்களை ஒட்டிப் பிடிக்கின்றன. நமது நாட்டிலேயே இதுபற்றிய ஆய்வு நடந்துள்ளது. கண்டி, ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர் காமினி செனவிரத்னவும் குழுவினரும் பங்கசு இழைகளில் பற்றீரியாக்களைக் குடியேற்றி, அந்தப் படலத்தையே உயிர்ப் பசளையாக உருவாக்கினார்கள். ஒரு வகைப் பற்றீரியாவை மட்டும் தனியாக மண்ணில் இட்டால் அது பெரும்பாலும் நிலைப்பதில்லை. கூட்டாகக் குடியேற்றினால் நிலைக்கின்றது என்பதே இதன் அடிப்படை. 2011இல் வெளியான அவர்களது ஆய்வு, தேயிலை மண்ணில் இரசாயனப் பசளையைப் பாதியாகக் குறைத்து இப்படலப் பசளையைச் சேர்த்தபோது மண்ணின் நலம் மீள்வதைக் காட்டியது.

இங்கே ஒரு வார்த்தை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அந்த மாதங்களில் விவசாயிகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. மண்ணின் உயிர்கள் கட்டளையால் ஒரே நாளில் குடியேறுவதில்லை. அவற்றுக்கு மக்கிய எருவும் ஈரமும் மூடாக்கும் காலமும் வேண்டும். ஆய்வு காட்டியதும் பாதி குறைப்பைத்தான். முழு நிறுத்தத்தை அல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. வாரம் ஒருமுறையாவது தண்ணீர்ப் பீப்பாவை முற்றாகக் காலிசெய்து, உட்சுவர், அடிப்பகுதி, மூடி, குழாய்வாய் எல்லாவற்றையும் தும்பாலும் சவர்க்காரத்தாலும் தேய்த்து அலசுங்கள். அதன் பிறகே புதுத் தண்ணீரும் குளோரீனும்.

2. கை நுழையாத வாய் சிறுத்த கேன்களில், கழுவிய பருமணலையோ சிறு கற்களையோ கொஞ்சம் தண்ணீருடன் போட்டுப் பலமாகக் குலுக்குங்கள். நன்றாக அலசிய பிறகு நிரப்புங்கள்.

3. கலங்கிய தண்ணீரை முதலில் தெளியவிட்டு, துணியில் வடியுங்கள். பங்களாதேஷில் 65 கிராமங்களில் பழைய சேலைத்துணியை நான்காக மடித்து வடித்ததால் வாந்திபேதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகின்றது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் அக்கிருமி ஒட்டிக்கொண்டு வருவதே காரணம். ஆனால் வடித்தால் மட்டும் போதாது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் அல்லது குளோரீன் இட்டு அரை மணித்தியாலம் விடுங்கள்.

4. குளோரீனின் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள். படலம் இருக்கின்றதே என்று அளவை நாமாகக் கூட்டக்கூடாது.

5. பீப்பாவுக்குள் கையையோ கோப்பையையோ விட வேண்டாம். நீண்ட பிடியுள்ள அகப்பையைத் தனியாக வையுங்கள். குழாய் பூட்டிய பாத்திரம் இன்னும் நல்லது.

6. புதிய நிலத்தில் முதல் வேலையாகக் கொம்போஸ்ட் குழி ஒன்றைத் தொடங்குங்கள். வெறும் மண்ணை வெயிலுக்கும் மழைக்கும் திறந்து விடாதீர்கள்.

7. பிள்ளைகளுக்குப் பல் துலக்கப் பழக்குங்கள். பல்லில் படிவதும் இதே படலந்தான். வாய் கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களை வேரோடு பெயர்த்தன. பிறர் கொடுத்த பீப்பாவில் தண்ணீரும், பிறர் காட்டிய மண்ணில் பயிருமாக வாழ்வைத் தொடங்குபவர்களுக்குக் கையில் இருப்பது கொஞ்சம். அதில் ஒரு குளிசையும் வீணாகக்கூடாது.

பட்டிப்பொலயில் அன்று அந்தத் தாயும் நானுமாகப் பீப்பாவைச் சரித்துத் தண்ணீரை ஊற்றினோம். தேங்காய்த் தும்பால் தேய்த்தபோது சாம்பல்நிற வழும்பு திரண்டு வந்தது. மூத்த மகள் குனிந்து பார்த்து, “இதுக்குள்ளயா அம்மா இவ்வளவு நாளும் தண்ணி வச்சிருந்தோம்?” என்றாள். மூன்றாம் முறை அலசிய பிறகு தாய் விரலால் சுவரைத் தேய்த்துப் பார்த்தார். விரல் கீச்சென்று சத்தமிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் சுவரில் வழும்பு இல்லை என்று அறியலாம். இன்று மாலை உங்கள் வீட்டுப் பீப்பாவிலும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.